அண்ணனுக்கு நான் தேர்ந்தெடுத்த லென்ஸ்

என் அண்ணன் பார்வை அட்டையின் கடைசி வரியை ஓர் எழுத்துகூடத் தப்பாமல் வாசித்தார். நான் அவருடைய கேஸ் சீட்டில் ஆறுக்கு ஆறு என்று எழுதினேன். முழுப் பார்வைக்கு எங்கள் கணக்கு அது. எழுதி முடித்த பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எல்லாம் சரியா இருக்குண்ணே," என்றேன்.

"அட்டை தெரியுது ஆத்தா. ரோடுதான் தெரிய மாட்டேங்குது."

நான் சிரித்தேன். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து உண்மையாகவே சிரித்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்புக்காக என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை.

தேனி தனி மாவட்டமான சமயத்தில், ஊருக்குள் இருந்த ஒரு சின்னக் கண் மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பார்வையைச் சோதிப்பது, கண்ணாடிக்கு அளவு எடுப்பது, அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்கான இரண்டு வருடப் படிப்பை மதுரையில் படிக்க வைத்தவர் அண்ணன்தான். எனக்கும் அவருக்கும் பதினான்கு வயது வித்தியாசம். தனியார் பஸ்ஸில் டிரைவர். தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலை ஏறி இறங்கும் வண்டி. இருபத்து மூன்று வருடம் அதே ரூட். மழைக்காலத்தில் பஸ்ஸின் முன் கண்ணாடியில் தண்ணீர் நிற்காமல் வழிய, புகையிலையை நனைத்து அவரே தேய்ப்பார், கிளீனரை விடமாட்டார். "நான் பாக்குற கண்ணாடிய நான்தான் தொடைக்கணும்," என்பார். ஒரு தடவைகூட அவர் வண்டி யாரையும் இடித்ததில்லை. அதைப் பெருமையாக அவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. மதினிதான் சொல்லுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் இருக்கும். புதிதாக ஒரு லென்ஸ் வந்தது. கண்புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் பழைய லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் வேலை செய்யும். எதிரே வருகிற ஆள் தெளிவாகத் தெரிவார், பேப்பர் படிக்கக் கண்ணாடி போட வேண்டும். புது லென்ஸின் முகத்தில் மயிரிழை மாதிரி வட்டம் வட்டமாக வரிகள் இருந்தன. கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தை அது பிரித்து, ஒரு பங்கைத் தூரத்துக்கும் ஒரு பங்கைக் கிட்டத்துக்கும் கொடுக்கும். கண்ணாடியே வேண்டாம். நாங்கள் அதை வளைய லென்ஸ் என்று சொல்லிக்கொண்டோம்.

எங்கள் டாக்டர் எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர் இல்லை. பழைய லென்ஸ் வைத்த ஒரு தொகுதி ஆட்களையும் வளைய லென்ஸ் வைத்த ஒரு தொகுதி ஆட்களையும் எடுத்து, யாருக்குப் பார்வை எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். வழக்கமான அட்டையை வாசிக்கச் சொல்ல வேண்டும். பிறகு இன்னோர் அட்டை. அதில் எழுத்தெல்லாம் ஒரே அளவுதான், ஆனால் கீழே போகப் போகக் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகி, கடைசியில் வெள்ளைக்குள் கரைந்துவிடும். எந்த எழுத்தில் நிற்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். கடைசியாக ஒரு கேள்வித்தாள். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்பது அதில் ஒரு கேள்வி. இல்லை, கொஞ்சம், அதிகம், தாங்க முடியவில்லை என்று நான்கு கட்டங்கள்.

வளைய லென்ஸ் வைத்தவர்கள் மங்கும் அட்டையில் இரண்டு மூன்று எழுத்து முன்னதாகவே நின்றுவிடுவதை நான் கவனித்தேன். அது பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை. தையல் கடை வைத்திருந்த ஒரு அம்மா கண்ணாடி இல்லாமல் என் முன்னாலேயே ஊசியில் நூல் கோத்துக் காட்டி அழுதுவிட்டார். அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்த திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், "லைட்டப் பாத்தா சுத்திச் சுத்தித் தெரியுதும்மா... பரவால்ல," என்றார். பரவாயில்லை என்றவுடன் 'கொஞ்சம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அடுத்த ஆள் காத்திருந்தார்.

அந்த வருடம்தான் மதினி ஒருநாள் மருத்துவமனைக்கே வந்து சொன்னார். "உங்கண்ணன் சாயங்கால வெயில்ல கண்ணச் சுருக்கிக்கிட்டே ஓட்டுறாகளாம். கண்டக்டரு சொல்லிவிட்டாரு. எங்கிட்டச் சொல்ல மாட்டேங்காக." அண்ணனை வரவழைத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை. அவருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.

"ஊருக்கெல்லாம் வைக்கிற சாதா லென்ஸே எனக்குப் போதும்த்தா," என்றார் அண்ணன்.

"உங்களுக்கு நல்லது வைக்காம வேற யாருக்கு வைக்கப் போறேன்?" என்றேன்.

டாக்டர் தயங்கினார். "டிரைவராச்சேம்மா. இருட்டுல வண்டி ஓட்டுறவங்களுக்கு இது ஒத்து வருமான்னு சந்தேகமா இருக்கு."

"பகல் டூட்டிதான் சார். பொழுது சாயவும் வீட்டுக்கு வந்துருவாக."

அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். கடைசி டிரிப்பில் குமுளியிலிருந்து இறங்கும்போது கார்த்திகை, மார்கழியில் மலையிலேயே இருட்டிவிடும். மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். தெரிந்தே சொன்னேன். அண்ணன் செய்ததற்கெல்லாம் நான் திருப்பிச் செய்கிற ஒரே காரியம் அது என்று நினைத்தேன். அவர் கண்ணில் சாதா லென்ஸ் வைத்தால் எனக்குத்தான் குறைச்சல் என்று ஒரு எண்ணம். இப்போது யோசித்தால் அதில் அவருடைய கண்ணைவிட என் பெருமைதான் அதிகம் இருந்திருக்கிறது.

ஒரு மாத இடைவெளியில் இரண்டு கண்ணிலும் அறுவை நடந்தது. எந்தச் சிக்கலும் இல்லை. கட்டு அவிழ்த்த மறுநாள் மாத்திரை அட்டையின் பொடி எழுத்தை வாசித்தார். மதினியைப் பார்த்து, "ஏ, உனக்கு இம்புட்டு நரைச்சிருச்சா?" என்று கேட்டார். மதினி வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்தச் சந்தோஷம் ஒன்றரை மாதம் இருந்தது.

ஆடி மழையில் மறுபடியும் வண்டி எடுத்தார். இரண்டாவது நாளே கண்ணாடி அழுக்காக இருக்கிறது என்று மூன்று தடவை புகையிலை போட்டுத் தேய்த்தாராம். அழுக்கு கண்ணாடியில் இல்லை. அடுத்த வாரம்தான் என்னிடம் வந்து அட்டை வாசித்துவிட்டு, ரோடு தெரியவில்லை என்றார். நான் சிரித்து முடித்த பிறகு பொறுமையாகச் சொன்னார்.

"எதுக்க ஜீப்பு வந்தா ரெண்டு லைட்டு தெரியலத்தா. ரெண்டு லைட்டையும் சுத்தி வட்டம் வட்டமா, கோலம் போட்ட மாதிரி விரியுது. அந்தக் கோலத்துக்குள்ள ஆளு நின்னா தெரியாது. மழ பேஞ்சா ரோடே கோலமாயிருது."

"கொஞ்ச நாள் போனா மூளை பழகிக்கும்ணே. மூணு மாசம் பொறுங்க. எல்லாருக்கும் சரியாகியிருக்கு."

எல்லாருக்கும் சரியானது என்று எனக்கு எப்படித் தெரியும்? என் கேள்வித்தாளில் அப்படித்தான் இருந்தது.

மூன்று மாதத்தில் சரியாகவில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ஜீப்புகள் சாயங்காலம் வரிசையாக இறங்கும். அவற்றின் பின்னாலேயே விலகாமல் ஊர்ந்து வர ஆரம்பித்தார். வண்டி தினமும் லேட். கண்களை மறுபடி சோதித்தபோது, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு லேசாக மங்கியிருந்தது. அறுவைக்குப் பின் பலருக்கும் வருவதுதான். லேசரால் அந்தச் சவ்வில் ஒரு சின்னத் திறப்பு போட்டால் தெளிந்துவிடும்.

"ரொம்ப லேசாத்தான் இருக்கு. கொஞ்சம் பொறுத்துப் பாப்போமே," என்றார் டாக்டர்.

"அதுனாலதான் சார் அவுகளுக்குத் தெரியல. செஞ்சிருங்க சார்," என்றேன் நான்.

ஐந்து நிமிட வேலை. வலிகூட இல்லை. ஆனால் வளையங்கள் போகவில்லை. அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. லென்ஸையே எடுத்துவிட்டுப் பழைய மாதிரி லென்ஸ் வைத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கேஸ் சீட்டைப் புரட்டி லேசர் செய்த தேதியைப் பார்த்தார்.

"லேசருக்கு முன்னாடின்னா தைரியமா மாத்தியிருக்கலாம். இப்பப் பின் சவ்வு திறந்திருக்கேம்மா. லென்ஸை எடுக்கும்போது கண்ணுக்குள்ளே கூழ் மாதிரி இருக்கிறது முன்னாடி வந்துட்டா, இருக்கிற பார்வையும் போயிரலாம்."

மதுரையில் பெரிய டாக்டர் ஒருவரிடமும் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் அதையேதான் சொன்னார். ஆறுக்கு ஆறு தெரிகிற கண்ணில் யார் துணிந்து கை வைப்பார்கள்? திரும்பி வரும்போது ஆண்டிபட்டி கணவாய்வரைக்கும் அண்ணன் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "நீ என்னத்தா செய்வ," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வண்டி முதலாளி கெட்டவர் இல்லை. அண்ணன் அவரிடம் போய், காலை டிரிப் மட்டும் தாங்க என்று கேட்டார். முதலாளி டாக்டர் சீட்டு கேட்டார். கேஸ் சீட்டைக் காட்டினார் அண்ணன். வலது கண் ஆறுக்கு ஆறு, இடது கண் ஆறுக்கு ஆறு. என் கையெழுத்து. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "கண்ணு சின்னப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருக்குன்னு போட்டுருக்காக. இப்ப ஒமக்கு மலைன்னா பயமா?" என்று கேட்டாராம். பஸ் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களும் அப்படியே பேசினார்கள். கண் நல்லாத்தான் இருக்கு, மனசுதான் விட்டுப்போச்சு என்று.

நானும் அப்படி நினைத்தேன். இதை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். மதினியைத் தனியாகக் கூப்பிட்டு, மனநல டாக்டர் ஒருவரிடம் காட்டிப் பார்க்கலாம் என்றேன். மதினி என்னைப் பார்த்த பார்வை மாறிப்போனது. "லென்ஸு வைக்கச் சொன்னது நீ. லேசரு வைக்கச் சொன்னது நீ. இப்ப அவுக பைத்தியமா?" அண்ணன் உள்ளே இருந்து கேட்டுவிட்டார். வெளியே வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அட்டையப் பாத்தாத்தா நான் வண்டி ஓட்டுறேன்?"

மார்கழியில் ஒரு சாயங்காலம். குமுளியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த வண்டியில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எதிரே ஒரு லாரி ஏறி வந்தது. லாரிக்கு முன்னால், ரோட்டோரம், விறகுக்கட்டோடு ஒரு பெண் நடந்து வந்திருக்கிறார். அண்ணனுக்கு அவர் தெரியவே இல்லை. கண்டக்டர் கத்திய பிறகு பிரேக் போட்டார். விறகுக்கட்டின் நுனி பம்பரில் உரசி, அந்தப் பெண் மண் திட்டில் உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் இல்லை. அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். அந்தப் பெண்ணிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். பயணிகள் திட்டினார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். அண்ணன் எழுந்திருக்கவில்லை. மலையடிவாரத்து லோயர் கேம்பிலிருந்து வேறு டிரைவர் வந்து வண்டியை எடுக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மறுநாள் கண்டக்டர் வந்து இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அவரு அழுதாருக்கா. நான் பாத்ததே இல்ல," என்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

அடுத்த வாரம் அவரை மருத்துவமனைக்குக் கூட்டி வந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை. நண்பகலில் அறையின் ஜன்னல்களை அடைத்து, திரைச்சீலை போட்டு, விளக்கை அணைத்தேன். மங்கும் அட்டைக்குப் பக்கத்தில் அவர் கண்ணைப் பார்த்து ஒரு டார்ச்சை எரியவிட்டேன், எதிரே வண்டி வருகிற மாதிரி. அன்றைக்குத் தேனி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் ஒரு அம்மா செக்கப்புக்கு வந்திருந்தார். அவருக்கு இலவச முகாமில் வைத்த சாதா லென்ஸ். வயது அண்ணனைவிட அதிகம். முதலில் அவரை வாசிக்கச் சொன்னேன். டார்ச் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார், ஆனாலும் ஐந்து வரி வாசித்தார். பிறகு அண்ணன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார்.

"அதுக்குக் கீழ?"

"கீழ என்னமும் இருக்காத்தா?"

நான் அட்டையைப் பார்த்தேன். எனக்கு எல்லாம் தெரிந்தது. அந்த அம்மா இருட்டில் அண்ணனுக்கு உதவுவதாக நினைத்து, "இருக்குப்பா, அங்கன கீழதான், நல்லாப் பாரு," என்றார். நான் விளக்கைப் போட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அந்த அளவுகளைப் பார்த்துவிட்டு உடனே முதலாளிக்குக் கடிதம் எழுதினார். இவர் சொன்னதெல்லாம் உண்மை, பார்வை அட்டையில் தெரியாத குறை இது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளி படித்துவிட்டு வருத்தப்பட்டார். ஆனால் அந்த ரூட்டுக்கு வேறு டிரைவர் வந்துவிட்டார். அண்ணனும் காலை டிரிப் என்றால்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த விறகுக்காரப் பெண்ணின் முகம் அவருக்குப் போகவில்லை.

அதன் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். கேள்வித்தாள்களை எடுத்து, 'கொஞ்சம்' என்று நான் டிக் போட்டிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனேன். தையல் கடை அம்மா உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார். வேறு சிலரும் அப்படித்தான். காமயகவுண்டன்பட்டித் தோட்டக்காரர் அப்படி இல்லை. கரண்டு வரும் நேரம் பார்த்து இருட்டில் மோட்டார் போடப் போக வேண்டிய மனிதர், இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்துவிட்டு, போவதையே விட்டுவிட்டார். தண்ணீர் பாய்ச்ச மச்சினனைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்றார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னேனே தாயி. நீ அம்புட்டு ஆசையாக் கேட்ட. ரொம்பக் குறை சொன்னா நீ சங்கடப்படுவன்னு பரவால்லன்னேன்."

அவர் வீட்டில் கொடுத்த திராட்சையை வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கம்பம் வரும்வரைக்கும் அழுதேன், பக்கத்தில் இருந்தவர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்தார்.

டாக்டரின் ஒப்பீடு முடிந்து அட்டவணை தயாரானது. நான் கேட்டுக்கொண்டபடி சில கட்டங்கள் திருத்தப்பட்டன. இருந்தாலும் மொத்தத்தில் வளைய லென்ஸுக்குத்தான் நல்ல பெயர் வந்தது. கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறவர்கள் அத்தனை பேர் இருந்தார்களே. அது பொய்யும் இல்லை. அண்ணனின் வரி அட்டவணையில் இல்லை. ஊழியரின் குடும்பத்து ஆளைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. டாக்டர் அதற்கப்புறம் எந்த டிரைவருக்கும் வளைய லென்ஸ் வைக்கவில்லை. சராசரி என்ற சொல்லை அதுவரைக்கும் நான் தினமும் எழுதியிருக்கிறேன். அந்தச் சராசரிக்குள் என் அண்ணன் எந்த இடத்திலும் இல்லை.

அண்ணன் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருந்தார். பிறகு மகன் வேலை பார்க்கிற திருப்பூருக்கு மதினியோடு போய்விட்டார். மதினி என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நல்லது கெட்டதற்கு வந்தால் சாப்பிட்டியா என்று கேட்பார், அவ்வளவுதான். அண்ணன் போனில் பேசுவார். முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்களா, முதல் போக நடவு ஆரம்பித்துவிட்டதா என்று கேட்பார். கண்ணைப் பற்றி நானும் கேட்கமாட்டேன், அவரும் சொல்லமாட்டார்.

நான் வேலையில் இன்னும் சில வருடம் இருந்தேன். பரவாயில்லை என்று யார் சொன்னாலும் விடாமல் துருவிக் கேட்பேன். ஒரு ஆளுக்கு அரைமணி நேரம் ஆனது. வெளியே கூட்டம் முணுமுணுத்தது. சீக்கிரம் முடிம்மா என்று டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். சீக்கிரம் முடிக்க என்னால் முடியவில்லை. ஒருநாள் அட்டையின் முன் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். அந்த மாதத்தோடு வேலையை விட்டேன்.

கடைசியாக இரண்டாயிரத்துப் பத்தில் திருப்பூர் போயிருந்தேன். அண்ணன் ஒரு பனியன் கம்பெனியில் துணி மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஓவர்டைம் பார்ப்பார்கள், இவர் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவார். மெலிந்திருந்தார். என்னை பஸ் ஏற்றிவிட வந்தவர், மணி நாலரைகூட ஆகவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேகம் மூடியிருந்தது.

"அண்ணே, எம்மேல ஒங்களுக்குக் கோவம் இருந்தாச் சொல்லிருங்க," என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் எங்கள் பக்கமாகத் திரும்பிய ஒரு பஸ் பகலிலேயே ஹெட்லைட்டைப் போட்டது. அண்ணன் சட்டென்று முகத்தைத் திருப்பி, என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார். பஸ் வெகு தூரத்தில் இருந்தது.

"நீ ஏறி உக்காருத்தா. நான் வாரேன், இருட்டிக்கிட்டு வருது," என்று சொல்லிவிட்டு, என் வண்டி கிளம்பும் வரைக்கும் நிற்காமல், சுவரோரமாகவே நடந்து போனார்.